ஒரு ‘ஓம்’ படுத்திய பாடு

1

எனக்கு வேலை போய் ஒரு வருடம் நிறைந்த அன்று என் மகள் ஷிபானா கேக் வாங்கி வந்தாள்.

சின்னக் கேக். நடுவில் ஒற்றை மெழுகுதிரி. குழந்தைக்கு முதல் பிறந்தநாள் என்று நினைத்த கடைக்காரன், சீனியில் செய்த ஒரு கரடிக்குட்டியை இலவசமாக ஓரத்தில் வைத்து அனுப்பியிருந்தான்.

“ஊதுங்க வாப்பா” என்றாள். ஊதினேன். கைதட்டினாள். சமையலறைக் கதிரையில், கரடிக்குட்டி சாட்சியாக, என் வேலையின்மைக்கு ஒரு வயது பூர்த்தியானது. இனி அதற்குப் பல் முளைக்கும், நடக்கப் பழகும்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன். நான் கற்பிட்டிப் பக்கத்துக் குறிஞ்சிப்பிட்டி ரிஸ்வான். மனைவி பரீதாவுக்கு ஊர் கனமூலை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இங்கிலாந்தின் நடுவில் ஒரு நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். வந்ததில் பதினெட்டு வருடம் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையொன்றின் களஞ்சியத்தில் பெட்டி எண்ணினேன். தொழிற்சாலையை மூடியபோது, சாமான்களைப் போட்டுக்கொண்டு போகச் சொல்லி எனக்கும் ஒரு பெட்டி தந்தார்கள். பழக்கதோஷம், அதைக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

கேக்கை வெட்டிக்கொண்டே ஷிபானா என் முகத்தை ஆராய்ந்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. தமிழ் பேசுவாள், ஆனால் முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கழற்றிக் கொண்டுவந்து பூட்டுவாள்.

“வாப்பா, நீங்க எரிஞ்சி முடிஞ்சிட்டீங்க” என்றாள். களைத்து ஓய்ந்துபோனவரை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

மாடியிலிருந்து பரீதாவின் குரல் கேட்டது. “என்னத்த எரியவிட்டீங்க? அடுப்ப நூருங்க.”

“அடுப்பு இல்ல உம்மா. வாப்பா எரியிறாங்க.”

“யா அல்லாஹ்” என்று பரீதா படியிறங்கத் தொடங்கினாள். அந்தச் சத்தம் வந்ததும் நாங்கள் இருவரும் சிரிப்பை நிறுத்திவிட்டோம். ஒரு கால். பிறகு ஓர் இடைவெளி. பிறகு மற்றக் காலை இழுத்து அதே படியில் வைக்கிற சத்தம். பதின்மூன்று படிக்கும் அப்படித்தான்.

விஷயம் இதுதான். பரீதா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். எனக்கு வேலை போன பிறகு ஒரு ஷிப்டை இரண்டாக்கிக்கொண்டாள். ஆட்களைத் தூக்கி நிறுத்தி, தூக்கி நிறுத்தி, வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. அதை மாற்ற வைத்தியசாலை ஒரு திகதி தந்தது. தள்ளிப்போட்டாள். மாற்றினால் ஆறு வாரம் வேலைக்குப் போக முடியாது. வீட்டில் வேலைக்குப் போகிற ஆளே இல்லாமல் போகும். இரண்டாவது திகதியும் வந்திருந்தது. கேக் வெட்டிய நாளிலிருந்து அதற்குச் சரியாக ஐந்து வாரம். எனக்கு வேலை கிடைக்காவிட்டால் அதையும் தள்ளுவாள். அவள் அப்படிச் சொல்லவில்லை. திகதி எழுதிய கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டாமல் அலுமாரிக்குள் வைத்ததில் தெரிந்தது.

2

பதற்றத்தில் எனக்கு இயற்கையாகவே திறமை உண்டு. இந்த ஒரு வருடத்தில் அதை நான் தொழில்முறையாக வளர்த்துக்கொண்டேன்.

வேலை தேடுகிறவர்களுக்கென்று இங்கே ஓர் அலுவலகம் இருக்கிறது. இணையத்தில் ஒரு நாட்குறிப்பைத் திறந்து கொடுப்பார்கள். வாரத்துக்கு முப்பத்தைந்து மணித்தியாலம் வேலை தேடினேன் என்று அதில் எழுதிக் காட்ட வேண்டும். நான் எழுபது மணித்தியாலம் தேடினேன். ஆனால் நாட்குறிப்பு முப்பத்தைந்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. மிச்ச முப்பத்தைந்து மணித்தியாலப் பதற்றத்துக்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை, இரத்த அழுத்தத்தைத் தவிர.

கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பித்தேன். நாய்களுக்கு முடி வெட்டும் வேலைக்குப் போட்டேன். அனுப்பிய பிறகுதான் நாயின் எச்சில் பட்டால் மார்க்கப்படி ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் போட்டு, என்பது நினைவுக்கு வந்தது. ஒரு நாய்க்கு ஏழு என்றால் ஒரு நாளைக்கு எத்தனை நாய் முடிக்கலாம், மண்ணை யார் தருவார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். தேவாலயமொன்றில் மணியடிக்க ஆள் கேட்டிருந்தார்கள். “முன் அனுபவம் இல்லை. நேரம் தவறாதவன்” என்று எழுதி அனுப்பினேன். பாதிரியார் மிகவும் மரியாதையாகப் பதில் போட்டிருந்தார்.

என்னுடைய பெயரும் எனக்கு எதிராகச் சதி செய்தது. நம் ஊரில் வாப்பாவின் பெயர் முன்னால் நிற்கும், நம் பெயர் பின்னால் வரும். இங்கே படிவத்தில் முதற்பெயர் என்ன, குடும்பப் பெயர் என்ன என்று கேட்டால், வாப்பா ஹனீபாவை எங்கே உட்காரவைப்பது என்று ஒவ்வொரு முறையும் எனக்குக் குழப்பம். காலையில் ஒரு மாதிரி எழுதுவேன், பின்னேரம் வேறு மாதிரி. ஒரு பிஸ்கட் நிறுவனத்துக்கு எனக்கே தெரியாமல் இரண்டு தரம் விண்ணப்பித்துவிட்டேன். ஹனீபா ரிஸ்வானுக்கு ‘மன்னிக்கவும், உங்கள் தகைமை போதாது’ என்று கடிதம் வந்தது. ரிஸ்வான் ஹனீபாவை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

போனேன். கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன் என்னுடைய தாள்களைப் புரட்டினான்.

“இதே தொழிற்சாலையிலிருந்து இன்னொருவரும் விண்ணப்பித்திருந்தார். ஹனீபா ரிஸ்வான். தெரியுமா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதற்றம் முந்திக்கொண்டது. “கண்டிருக்கிறேன்” என்றேன்.

“அவரைவிட நீங்கள் எந்த வகையில் பொருத்தமானவர்?”

வாய்ப்பு வந்தால் விடுவதா? அவர் அவசரக்காரர், சொன்னதையே திருப்பிச் சொல்வார், வீட்டில் மனைவிக்கு உதவமாட்டார் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்த மனிதன்மேல் வெறுப்பு வந்தது. அந்த வேலை எங்கள் இருவருக்குமே கிடைக்கவில்லை.

தொலைபேசியைத் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் இடத்துக்கும் கொண்டுபோகத் தொடங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலில் நெற்றி தரையில் பட சுஜூதில் இருக்கும்போது சட்டைப்பையில் அது அதிர்ந்தது. இமாம் தூக்குமுன் நான் தலையைத் தூக்கிவிட்டேன். முழுப் பள்ளியும் தரையில் கிடக்க, நான் ஒருவன் மட்டும் நிமிர்ந்திருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தேன். வந்தது மெத்தை விளம்பரம்.

அடுத்த நாள் மருந்துக்கடையில் இரத்த அழுத்தம் பார்த்த பெண், கருவி பழுது என்று சொல்லி வேறொரு கருவி கொண்டுவந்தாள். இரண்டாவதையும் பார்த்துவிட்டு ஒரு கதிரை கொண்டுவந்தாள்.

பரீதாவிடம் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“எனக்கு ஒரு கால்தான் பழுது. நீங்களும் விழுந்தீங்கண்டா இந்த வீட்டில நடக்கிறதுக்கு ஒருத்தருமில்ல. வேலையத் தேடுங்க. உங்களத் தொலைச்சிப்போட்டுத் தேடாதீங்க.”

3

கேக் வெட்டிய மறுநாள், அலுவலகத்திலிருந்து எனக்குப் பொறுப்பான லிண்டா தொலைபேசியில் அழைத்தார். மாதம் ஒருமுறை அழைப்பார். நல்ல பெண்மணி. மெதுவாக, பஞ்சு வைத்துத் துடைப்பதுபோலப் பேசுவார். வருடம் முடிந்ததால் இனி விதிகள் மாறுகின்றன என்று ஆரம்பித்தார். ‘விதிகள்’ என்ற சொல் காதில் விழுந்ததும் என்னிடமிருந்த ஆங்கிலமெல்லாம் பின்கதவால் இறங்கி ஓடிவிட்டது.

நம் ஆட்களோடு தொலைபேசியில் கதைத்தால் என்ன செய்வோம்? மறுமுனையில் இருப்பவர் பேசப் பேச, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று காட்ட ‘ஓம்’ போட்டுக்கொண்டே இருப்போம். எனக்கு அதுதான் வந்தது. லிண்டா ஒரு வசனம் சொல்வார்; நான் கண்ணை மூடிக்கொண்டு, பயத்தில் குரல் அடிவயிற்றுக்குப் போக, “ஓம்…” என்பேன். இன்னொரு வசனம். இன்னொரு “ஓம்…”. ஏழெட்டு ‘ஓம்’ ஆகியிருக்கும்.

“மிக அழகாக இருக்கிறது” என்றார் லிண்டா. “எவ்வளவு காலமாகச் செய்கிறீர்கள்?”

பழைய வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்தேன். “பதினெட்டு வருடம்.”

“தினமுமா?”

“ஞாயிறு இல்லை. சனிக்கிழமை அரை நாள்.”

“எத்தனை மணித்தியாலம்?”

“எட்டு. சில நாள் பன்னிரண்டு.”

அவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. “பன்னிரண்டு மணித்தியாலமா? உங்களை வழிநடத்தியவர் யார்?”

“பீட்டர் என்று ஒருவர். சத்தம் போடுவார். ஆனால் நல்ல மனிதர்.”

“அவ்வளவு நேரமும் உட்கார்ந்தபடியா?”

“உட்கார விடமாட்டார்கள். நின்றபடிதான்.”

லிண்டா எதையோ எழுதிக்கொள்ளும் சத்தம் வந்தது. பிறகு சொன்னார்: நீண்ட காலம் வேலை தேடிக் களைத்துப்போனவர்களுக்காக அலுவலகத்தில் புதிதாக ஒரு வகுப்புத் தொடங்குகிறார்கள். ஓடி விழாமல், அளவாகத் தேடுவது எப்படி என்று பழக்க ஓர் ஆள் தேவை. வருகிற புதன்கிழமை நான் நடத்தித் தர முடியுமா?

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? “ஓம்” என்றேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

என்ன நடந்தது என்பது ஷிபானாவுக்குத்தான் முதலில் விளங்கியது. நான் கதைத்ததை அப்படியே நடித்துக் காட்டியபோது, அவள் நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாள். நான் தியானம் செய்கிறவன் என்று லிண்டா நினைத்திருக்கிறார். பதினெட்டு வருடம், பீட்டர் என்ற குருவின் கீழ், நின்ற நிலையில்.

“போன் எடுத்து இல்லண்டு செல்லுங்க” என்றாள் பரீதா.

“செல்லலாம். ‘ஒத்துழைக்கவில்லை’ எண்டு எழுதி, தாற காசையும் நிப்பாட்டினாங்கண்டா?”

அதற்கிடையில் அலுவலக வாசலில் அறிவித்தல் ஒட்டிவிட்டார்கள். ஷிபானா படம் எடுத்து வந்தாள். பெரிய தாமரைப்பூ. அதன் கீழே என் பெயர், இந்த முறை சரியான ஒழுங்கில்.

பரீதா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். “தவ்பா. பள்ளியில ஆராவது பார்த்தா என்ன செல்றது?”

“ஊர்ல ஆராவது பார்த்தா நான் தாமரை மொட்டுச் சின்னத்தில தேர்தல் கேக்கிறண்டு நினைப்பாங்க.”

அவள் சிரிக்கவில்லை. எழும்புவதற்காக மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

4

செவ்வாய்க்கிழமை அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு நானாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். என் மூத்த சகோதரர், பெயர் கரீம். குறிஞ்சிப்பிட்டியில் மிளகாயும் சின்ன வெங்காயமும் போடுகிறார். அங்கே வெயில் ஏறியிருந்தது. திரையில் முதலில் வானம், பிறகு அவருடைய காது, பிறகு பாதி முகம் வந்தது. பின்னால் கிணற்று மோட்டர் இரைந்துகொண்டிருந்தது.

“நானா, மனசு பதறாம இரிக்க ஊர்ல நாங்க என்ன செய்ற?”

“ஆருக்கு?”

“இஞ்ச வெள்ளக்காரருக்குச் செல்லிக் குடுக்க.”

முழு முகமும் திரைக்குள் வந்தது. “நீயா?”

“ஓம்.”

“மறுமை நாள்ல மீசான் தராசுல நிக்கிற மாதிரி நாள் முழுக்க நடுங்குற ஆள் நீ. ஓ.எல். சோதனை ரிசல்ட் வந்த அண்டைக்கு நீ எங்க இருந்த?”

“அது இப்ப எதுக்கு?”

“கடலோரத்தில கவுத்து வெச்ச வள்ளத்துக்குள்ள. மூணு பேர் தேடினம்.” அவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன். “டேய், உனக்கு வேலை சரிவரல்லண்டா இஞ்ச வா. வெள்ளக்காரன் பட்டத்தில தொங்கிக்கொண்டு கடல்ல இழுபடுறத்துக்கு அங்க இரிந்து இஞ்ச வாறான். நீ அங்க என்னத்துக்கு இழுபடுற?”

நியாயமான கேள்விதான். காற்றடிக்கும் காலத்தில் கற்பிட்டிக்கு வருகிற வெள்ளைக்காரர்களைப் பற்றிச் சொல்கிறார். பட்டம் இழுத்த இழுப்புக்கெல்லாம் போய், தண்ணீரில் மூக்குக் குப்புற விழுந்து, எழும்பிச் சிரிப்பார்கள். அதற்காக லீவு போட்டு வருகிறவர்கள் அவர்கள். எனக்கு லீவு போட வேலை இல்லை, அதுதான் வித்தியாசம்.

“இரி, மோட்டர நிப்பாட்டிட்டு வாறன்” என்று நானா எழும்பினார்.

“இப்பதான போட்ட மாதிரி இரிக்கி?”

“போதும்.”

“மிளகாய் வாடிப் போய்க் கிடக்கு. எனக்கு இஞ்ச இரிந்தே தெரியுது.”

“வாடித்தான் கிடக்கும், வெயிலுக்கு. அதுக்காக ஊத்திக்கொண்டே இரிந்தா? இது மணல். ஒரேயடியா விட்டா தண்ணி வேரத் தாண்டிக் கீழ போயிரும். போட்ட உரம் பசளையையும் இழுத்துக்கொண்டு போயிரும். வேருக்கு என்ன மிஞ்சும்? காலையில கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். நடுவில வாடினா வாடட்டும். கண்ணால பாத்துப்போட்டு பேசாம இரிக்கோணும்.”

மோட்டர் நின்றது. அந்த அமைதி இங்கே என் சமையலறை வரை வந்தது.

“அதுதான் கஷ்டம்” என்றார் நானா. “ஊத்துறது ஒரு கஷ்டமுமில்ல.”

5

புதன்கிழமை வகுப்புக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். நீலக் கதிரைகளை வட்டமாகப் போட்டு, நடுவில் லிண்டா ஒரு செயற்கை மெழுகுதிரி வைத்திருந்தார். மின்கலத்தில் எரிகிறது. எல்லோரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவருடைய காலுறையில் ஓட்டை. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஒரு கனவான் இருந்தார், பெயர் கென். வங்கிக் கிளையொன்றில் முகாமையாளராக இருந்தவர். கிளையை மூடிவிட்டார்கள்.

நான் உண்மையைச் சொல்லிவிட முடிவெடுத்திருந்தேன். நேர்மையால் இல்லை. எட்டுப் பேருக்கு முன்னால் கண்ணை மூடினால் மயங்கி விழுந்துவிடுவேன் என்ற பயத்தால்.

“எனக்குத் தியானம் தெரியாது” என்றேன். “நான் பெட்டி எண்ணுகிறவன். பீட்டர் என் மேற்பார்வையாளர். எங்கள் ஊர்ப் பேச்சில் ‘ஓம்’ என்றால் ‘ஆம்’ என்று அர்த்தம். லிண்டா பேசியபோது பயத்தில் ‘ஆம், ஆம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.”

லிண்டாவின் முகம் சிவந்தது.  கென் மெல்லக் கையைத் தூக்கினார்.

“அப்படியென்றால், இந்த வகுப்பை நடத்த முடியுமா என்று கேட்டபோது?”

“ஓம்” என்றேன்.

முதலில் சிரித்தது லிண்டாதான். பிறகு வட்டம் முழுவதும். கென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓட்டைக் காலுறைக்காரருக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அந்தக் கட்டடத்தில் ஒரு வருடமாக ஏறி இறங்குகிறேன், யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

வந்தது வந்துவிட்டீர்கள், ஒரு விஷயம் இருக்கிறது என்று நானாவின் மோட்டரைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஊர் மணல், வேரைத் தாண்டிப் போகிற தண்ணீர், வெயிலில் வாடிக் கிடக்கிற செடியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிற மனிதர். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் வேலை தேடுகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். கென் பதினொன்று என்றார். கழுத்துப்பட்டியைக் காலை ஏழு மணிக்குக் கட்டினால் இரவு படுக்கும்போதுதான் கழற்றுவாராம். வீட்டில்தான் இருக்கிறார், ஆனாலும் கட்டுவார்.

“கடந்த வாரம் எத்தனை விண்ணப்பம்?”

“அறுபத்துமூன்று.”

“அதில் உங்களுக்கு நினைவிருப்பது எத்தனை?”

விரல் விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டாவது விரலில் நின்றார். பக்கத்திலிருந்த பெண், “எனக்கு ஒன்றுகூட நினைவில்லை” என்றாள். நாய்க்கு முடி வெட்டும் வேலைக்குப் போட்டதைச் சொன்னேன். அதே வேலைக்குத் தானும் போட்டதாக அவள் சொன்னாள். அவளுக்கு நாய் ஒவ்வாமையாம்.

அதன் பிறகு வகுப்புப் போலவே இருக்கவில்லை. காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் ஒன்று. முப்பது விண்ணப்பம் இல்லை, ஒன்று, அதை ஒழுங்காக. நடுவில் தொலைபேசியை வேறொரு அறையில் வைப்பது. இவ்வளவுதான் பேசி முடிவெடுத்தோம். இதையெல்லாம் நான் கண்டுபிடித்ததாக அவர்கள் நினைத்தார்கள். நான் அதுவரை ஒரு நாளாவது அப்படி இருந்ததில்லை என்பதை அந்தத் தறுவாயில் சொல்வது பொருத்தமாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

கென்னுக்கு ஒரு சந்தேகம் மிஞ்சியிருந்தது. “இதில் நான் மணலா, தண்ணீரா?”

“நீங்கள் மோட்டர்” என்றேன். கழுத்துப்பட்டியை இரண்டு விரலால் தளர்த்தினார்.

லிண்டாவுக்குத்தான் சிக்கல். ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் தேடினால் நாட்குறிப்பில் முப்பத்தைந்தை எப்படி நிரப்புவது? மேலிடத்தில் கேட்டார். இரண்டு நாளில் பதில் வந்தது: ஓய்வையும் வேலைத் தேடலின் பகுதியாக எழுதலாம், ஆனால் தொடங்கிய நேரம், முடித்த நேரம், அதனால் அடைந்த முன்னேற்றம் ஆகியவற்றைத் தனிப் படிவத்தில் நிரப்ப வேண்டும். முதல் வாரம் அந்தப் படிவத்தை நிரப்பி நிரப்பி எனக்கு ஓய்வெடுக்க நேரமே கிடைக்கவில்லை. ‘அடைந்த முன்னேற்றம்’ என்ற கட்டத்தில் ஒரு நாள் ‘பாணும் பருப்பும் சாப்பிட்டேன், ருசி தெரிந்தது’ என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

6

ஒன்றை ஒழுங்காகச் செய்வது என்று தொடங்கியதில் இரண்டாவது வாரம் ஒரு வேலை கண்ணில் பட்டது. வைத்தியசாலைகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் நிறுவனம். களஞ்சியத்தில் படுக்கை விரிப்பு எண்ண ஆள் வேண்டும். பெட்டியோ விரிப்போ, எண்ணத் தெரிந்தவனுக்கு எல்லாம் ஒன்றுதான். இரண்டு காலைகள் உட்கார்ந்து எழுதி, ஷிபானாவிடம் காட்டி, அவள் நாலு பிழை பிடித்து, மூன்றாம் நாள் அனுப்பினேன். அனுப்பிவிட்டுத் தொலைபேசியைக் குளியலறை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பரீதாவிடம் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் திருப்பிக் கேட்டேன். தரவில்லை.

நேர்முகத்துக்கு அழைத்தார்கள். இரண்டு பெண்கள். ஐந்து வருடத்தில் உங்களை எந்த இடத்தில் காண்கிறீர்கள் என்று கேட்டார்கள். முந்தி என்றால் நிறுவனத்தின் தலைவராகக் காண்கிறேன் என்று சொல்லியிருப்பேன். ஏற்கனவே இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறேன். இந்த முறை, “ஐம்பத்தாறு வயதில்” என்றேன். சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாம் வேலை தருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் அறிவிப்போம் என்றார்கள்.

முழங்காலுக்கு ஆறு நாள் இருந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை நான் கடைக்குப் போய் வந்தபோது, பரீதா படிக்கட்டில் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாள். தொலைபேசி காதில். வைத்தியசாலையின் காத்திருப்புச் சங்கீதம் எனக்கும் கேட்டது.

“என்ன செய்ற?”

“திகதிய மாத்தப் போறன்.”

“இன்னும் ரெண்டு நாள் இரிக்கி.”

“ரெண்டு நாள்ல வேலை வருமா?”

“வராட்டியும் பரவாயில்ல.”

“உங்களுக்குப் பரவாயில்ல.” அவள் என்னைப் பார்க்காமல் முழங்காலைப் பார்த்துச் சொன்னாள். “நான் ஆறு கிழமை படுத்தா ஆரு போற வேலைக்கு?”

எனக்கு அந்த நேரத்தில் எந்தப் பகிடியும் வரவில்லை. பக்கத்தில் உட்கார இடம் போதாது. ஒரு படி கீழே உட்கார்ந்தேன். இந்த ஒரு வருடமும் எனக்கு வேலை வந்த பிறகு, எனக்கு வேலை வந்த பிறகு என்று அவளுடைய காலை வரிசையின் கடைசியில் நிறுத்தி வைத்தது யார்? வேலையே இல்லாத நான். ஒருத்தருக்கு முழங்கால் மாற்றினால் ஆறு வாரம் வீட்டில் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த வேலைக்கு இந்த நகரத்தில் என்னைவிடத் தகைமையுள்ள ஆள் இல்லை. உடனே தொடங்கவும் தயார்.

அதைத்தான் சொன்னேன். கொஞ்சம் தட்டுத்தடுமாறி.

“சமைப்பீங்களா?” என்றாள்.

“பழகுவன்.”

“மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்குவீங்களா?”

“ஓம்.”

“இந்த ஓம் எந்த ஓம்?” என்று கேட்டுவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். சங்கீதம் நின்று, ஒரு பெண் குரல் “எப்படி உதவலாம்?” என்று கேட்டது. வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று உறுதிப்படுத்திக்கொள்ள எடுத்தோம் என்றேன்.

7

வியாழன் காலை அவளை உள்ளே கொண்டுபோய் ஒரு மணித்தியாலம் இருக்கும்போது என் தொலைபேசி அடித்தது. தெரியாத எண். அதே நேரம் தாதி ஒருத்தி கதவைத் திறந்து, “பரீதாவின் கணவர்?” என்றாள். நான் எழும்பிப் போனேன். எல்லாம் சரி, இன்னும் அரை மணித்தியாலத்தில் பார்க்கலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள். அந்தச் சின்ன வசனத்தை நான் மூன்று தரம் சொல்லவைத்துக் கேட்டேன். திரும்பி வந்தபோது அடித்து ஓய்ந்திருந்தது. அன்றைக்கு அதைத் திருப்பி எடுக்கவில்லை. துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். மயக்கம் தெளிந்த பரீதா என் சுண்டுவிரலைப் பிடித்தவள் விடவில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைதான் பேசினேன். வெளுப்பு நிறுவனம்தான். வேலை எனக்கு என்றார்கள். திங்கட்கிழமை தொடங்க முடியுமா?

ஒரு வருடமாக இந்தக் கேள்வியைக் கனவில் கேட்டிருக்கிறேன். நாக்கு நுனியில் சம்மதம் வந்து நின்றது. விழுங்கினேன். “ஆறு வாரம் கழித்துத்தான் முடியும். என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது” என்றேன்.  மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் மட்டும்.

“அது பிரச்சினையில்லை” என்றாள் அந்தப் பெண். “திங்கட்கிழமை என்பது எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. உங்கள் ஆவணங்களைச் சரிபார்த்து முடிய எப்படியும் எட்டு வாரமாகும்.”

இப்போது நாலாவது வாரம் நடக்கிறது. நான் சமைக்கிறேன். சோறு வாய்க்கிறது, கறி வாய்ப்பதில்லை. ஷிபானா என் பருப்பைச் சாப்பிட்டுவிட்டு, “வாப்பா, நல்ல முயற்சி” என்கிறாள். அதைவிட ‘தகைமை போதாது’ கடிதம் எவ்வளவோ மேல்.

பரீதாவுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள்: முழங்காலை மடக்கி நீட்டுவது ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று தடவை, அதற்கு மேல் கூடாது, கூடினால் வீங்கும். முதல் நாள் இவள் நாற்பது செய்தாள். வீங்கியது. கேட்டால், கெதியா சரியாகட்டும் என்றுதான் என்கிறாள். என்னை ஒரு வருடம் அதட்டிய அதே வாய். இப்போது நான் சோபாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து எண்ணுகிறேன். எண்ணுவது என் தொழில்.

இன்று பின்னேரமும் எண்ணினேன். “பத்து. போதும்” என்றேன்.

“இன்னொண்டு.”

“இல்ல.”

“பிளேன்டியாவது ஊத்தித் தாங்க.”

சமையலறைக்குப் போனேன். தண்ணீர் கொதிக்கும் வரை சும்மா நிற்பானேன் என்று, மாவுப் பேணிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த தொலைபேசியை எடுத்து, ஆவணம் சரிபார்த்து முடிந்ததா என்று மின்னஞ்சலைப் பார்த்தேன். இல்லை. இன்னொரு தரம் பார்த்தேன். அப்போது முன்னறையில் சோபா மெல்லக் கிரீச்சிட்டது. பதினொன்று. சற்றுப் பொறுத்து, பன்னிரண்டு.

தொலைபேசியைப் பேணிக்குப் பின்னால் தள்ளிவிட்டு, வரும் வழியில் வேண்டுமென்றே இருமினேன். சோபா நின்றது. தேநீரைக் கொடுத்தேன். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“மெயில் வந்திச்சா?” என்றாள்.

“எந்த மெயில்?” என்றேன்.

இருவரும் ஊதி ஊதிக் குடித்தோம்.